கொரோனாவும் அமெரிக்கக் கறுப்பினத்தவரும்: ஒரு மருத்துவரின் பதில்கள்

கேள்வி (சேலம்): கிருமி நிறம் பார்க்காதே, கறுப்பினத்தவர் மட்டும் ஏன் அதிகம் இறந்தார்கள்?

பதில்: 2020 ஏப்ரல் தொடக்கத்தில், சிகாகோவில் கொரோனாவால் இறந்தவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர், நகர மக்கள்தொகையிலோ அவர்கள் 30 விழுக்காடுதான். பேருந்து ஓட்டுவது, முதியோரைப் பராமரிப்பது, கடையில் நிற்பது என்று வீட்டிலிருந்தபடி செய்ய முடியாத வேலைகளில் அவர்கள் அதிகம் இருந்ததால், ஊரடங்கு அவர்களைக் காக்கவில்லை.

கேள்வி (திருச்சி, மருத்துவ மாணவி): அவர்களிடையே நீரிழிவும் ரத்த அழுத்தமும் அதிகம். மரபணுதானே காரணம்?

பதில்: அதிகம் என்பது உண்மை, மரபணுவை மட்டும் பழிப்பது நியாயமன்று. 1930களில் அரசு அமைப்பொன்றே கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, வீட்டுக்கடனுக்கு ஆபத்தானவை என்று ஒதுக்கியது. முதலீடு வராத அத்தகைய பகுதிகள் பலவற்றில் இன்றும் நல்ல காற்றும் மருத்துவ வசதியும் குறைவு.

கேள்வி (மதுரை): மருத்துவமனைக்குள் வந்த பின்னாவது சமமான சிகிச்சை கிடைத்ததா?

பதில்: கருவியே சமமாக நடத்தவில்லை என்பதுதான் என்னை மிகவும் வேதனைப்படுத்துகிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், தோலை ஊடுருவும் ஒளியைக் கொண்டு ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணிக்கிறது. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் அந்த ஒளியில் குறுக்கிடுவதால், உள்ளதைவிட அதிக அளவைக் காட்டிவிடக்கூடும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோதே தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் 88 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த நிலை, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடாகவும் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடாகவும் இருந்தது. யாருக்கு ஆக்சிஜன், யாருக்குப் படுக்கை என்பதை அந்த எண்ணை வைத்தே முடிவுசெய்த நாட்கள் அவை.

கேள்வி (சென்னை): நம்மில் பலருக்கும் கருநிறம்தானே?

பதில்: ஆம், பிழை நாட்டைப் பொறுத்ததன்று, மெலனினைப் பொறுத்தது. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், மூச்சையே நம்புங்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): தடுப்பூசிக்கு அவர்கள் தயங்கியது அறியாமையால்தானே?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் பாதித்த கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் முற்றுவதை அரசு மருத்துவர்களே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைவு தலைமுறை தாண்டியது. அதே மக்கள், 2020இல் ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவர் ஆலா ஸ்டான்ஃபோர்டு தேவாலய வாகன நிறுத்துமிடங்களுக்கே கொரோனா பரிசோதனையைக் கொண்டுவந்தபோது வரிசையில் நின்றார்கள்.