சினமன் ரோல் எப்போதும் ஒரே மாதிரி வர: கேள்வி பதில்

அக்கா, அதே அளவுதான் போடுகிறேன். ஒரு வாரம் பஞ்சு மாதிரி வருகிறது, மறுவாரம் இறுகிப் போகிறது. ஏன்?

கப்பில் அளக்கிறீர்களா? அப்படியானால் அது அதே அளவு இல்லை. அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரு கப் மைதா 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். நாலு கப்பில் 120 கிராம் கூடினால் மாவு இறுகாமல் என்ன செய்யும்? முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். நோட்டில் மைதாவை 100 என்று வைத்து மற்றதைச் சதவீதமாக எழுதுங்கள். என் நோட்டில் பால் 60, வெண்ணெய் 12, சர்க்கரை 12, உப்பு 1.5, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1.2.

எவ்வளவு நேரம் உப்பியது என்று மட்டும் எழுதி வைக்கிறேன். போதுமா?

போதாது. நேரத்தை விட மாவின் சூடு முக்கியம். பிசைந்து முடித்ததும் தெர்மாமீட்டரை நடுவில் செருகிப் பார்த்து எழுதுங்கள். எனக்கு 26 டிகிரி வேண்டும். அதற்குப் பால் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவேன்: சமையலறை, மைதா, பால் என மூன்றின் சூடும் சேர்வதால் 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. சமையலறை 32, மைதா 31 என்றால் இரண்டையும் கழிக்க 15. அந்த டிகிரியில் பாலை ஊற்றுகிறேன், அதாவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்த பால். இது கையால் பிசைவதற்கான கணக்கு. மிக்சரில் உராய்வால் சூடு ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து அதையும் கழித்துக்கொள்ளுங்கள். மே மாதமும் டிசம்பரும் வேறு வேறாக வருவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு மடங்கு உப்பியதா என்று கண்ணுக்குத் தெரியவில்லையே?

பாத்திரத்தில் தெரியாதுதான். நேரான கண்ணாடி டம்ளரில் துளி மாவை அழுத்தி வைத்து, அதன் மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள். உயரம் இரட்டித்ததும் மணியைக் குறியுங்கள்.

பட்டைத்தூளை மாவிலேயே பிசையலாமா?

வேண்டாம். பட்டைக்கு மணம் தரும் சினமால்டிஹைட் என்ற பொருள் ஈஸ்ட்டை மந்தமாக்கிவிடும். பூரணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பட்டை என்றும் எழுதுங்கள்: மெல்லிய அடுக்குச் சுருளாக இருக்கும் இலங்கைப் பட்டைக்கு மணம் மென்மை, கடையில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா, காரம் தூக்கல்.

மேலே சிவந்துவிடுகிறது, நடு ரோல் மட்டும் பச்சையாக இருக்கிறது.

ஓடிஜி (மின் அவன்) திருகில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும். நடு ரோலின் உள்சூடு 88 முதல் 90 டிகிரி வந்தால் வெந்துவிட்டது. தட்டின் அளவையும் எந்த அடுக்கில் வைத்தீர்கள் என்பதையும் குறியுங்கள். மேல்புறம் முந்தினால் ஃபாயில் போட்டு மூடலாம்.

அடுத்த முறை பாலைக் கூட்டி, ஈஸ்ட்டையும் குறைக்கட்டுமா?

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் பால், 60-லிருந்து 62.