கட்டற்ற மென்பொருளைக் கருவிகளோடு காட்டுவது எப்படி? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பிற ஊர்களிலும் கோயில் மண்டபம், நூலகம், தமிழ்ப் பள்ளி போன்ற பொது இடங்களில் கட்டற்ற மென்பொருள் கண்காட்சி நடத்த விரும்பும் அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக இத்தகைய மேசைகளை அடுக்கி நடத்தியவன் என்ற முறையில், என்னால் இயன்ற விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன். எவரும் பயன்படுத்தவும், ஆராய்ந்து மாற்றவும், பிறருக்குப் பகிரவும் உரிமை தருவதே கட்டற்ற மென்பொருள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், தமிழ்ப் பள்ளி ஆசிரியை): ஐயா, நாம் காட்டப்போவது மென்பொருள்தானே? ஒரு புரொஜெக்டரும் பேசத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதாதா? இத்தனை கணினிகளை ஏன் சுமந்து செல்ல வேண்டும்?

பதில்: திரையில் ஓடும் படத்தைப் பார்ப்பவர் அதை ஒரு விளம்பரமாகவே எடுத்துக்கொள்கிறார். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் இருக்கும் பக்கம் போய்விடுகிறார். அவரே நாற்காலியில் அமர்ந்து, தம் வீட்டிலிருப்பதைப் போன்ற ஒரு பழைய மடிக்கணினியில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து, அதை அச்சுப்பொறியில் எடுத்துக் கையில் பிடித்தால் நிலைமை வேறு. அப்போதுதான் "இது என் கணினியிலும் ஓடுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை வரவழைப்பதற்காகவே கருவிகளைச் சுமக்கிறோம்.

இப்போது இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததாலோ, செயலி அனுமதிப் பட்டியலில் இல்லாததாலோ விண்டோஸ் 11க்கு மாற முடியாத கணினிகள் நம் வீடுகளின் அலமாரிகளில் நல்ல நிலையிலேயே கிடக்கின்றன. அத்தகைய ஒன்றை மேசையின் நடுவில் வைத்து, அதன் வயதை ஓர் அட்டையில் எழுதி, அதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் ஓடுவதைக் காட்டுங்கள். பளபளக்கும் புதிய கணினியைவிட அதைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும்.

கேள்வி (ஃபீனிக்ஸ், கல்லூரி மாணவர்): அண்ணா, எத்தனை கணினிகள் வேண்டும்? என் தாத்தாவின் பழைய 32 பிட் மேசைக்கணினியையும் வைக்கலாமா?

பதில்: ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். ஒன்றில் கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிப்ரே ஆபீஸ், ஒன்றில் குழந்தைகளுக்கான ஜிகாம்ப்ரி அல்லது டக்ஸ் பெயிண்ட், ஒன்றில் தமிழ்த் தட்டச்சு, ஒன்றில் இணையமின்றி இயங்கும் விக்கிப்பீடியா என்று பிரித்துவிட்டு, ஐந்தாவதைப் பார்வையாளர் கேட்பதைச் செய்துகாட்டுவதற்கு ஒதுக்குங்கள். ஒரே கணினியில் பத்து மென்பொருள்களைத் திறந்து வைத்தால் வந்தவருக்கு எதுவும் மனத்தில் நிற்பதில்லை. நான்கு ஜிபி ரேமும், சுழலும் வட்டுக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால், எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்போடு டெபியன் என்ற லினக்ஸ் வகை நன்றாக ஓடும். பழைய கணினியின் வேகத்தை எஸ்எஸ்டி மாற்றுவதைப் போல வேறெதுவும் மாற்றுவதில்லை. செலவு செய்ய ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதற்கே செய்யுங்கள்.

தாத்தாவின் 32 பிட் கணினியை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அத்தகைய கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. இனி எளிதில் பராமரிக்க முடியாத ஒன்றைக் காட்டி ஆசையூட்டுவது நேர்மையாகாது.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பே வைஃபை, ஒலி, திரையின் வெளிச்சம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கணினியிலும் சோதித்துவிடுங்கள். வைஃபை சில்லுகள் பலவற்றுக்குக் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் அடிப்படை நிரல்) தேவைப்படுகிறது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து, டெபியன் 12 முதல் அதை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்த்துவிட்டதால் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கிறது. ஆயினும், "இது முழுக்கக் கட்டற்றதா?" என்று யாரேனும் கேட்டால் மழுப்பாமல், ஃபர்ம்வேர் மட்டும் அப்படியில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (அதே மாணவர்): ராஸ்பெரி பையைத் திறந்த வன்பொருள் என்று அட்டையில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். அது கட்டற்ற மென்பொருளை அருமையாக ஓட்டும் மலிவான கணினி. ஆனால் அதன் பலகை வடிவமைப்பு முழுமையாக வெளியிடப்படவில்லை, தொடக்க ஃபர்ம்வேரும் மூடியதே. திறந்த வன்பொருளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், 2005இல் இத்தாலியின் இவ்ரியாவில் தொடங்கிய ஆர்டுயினோவின் ஊனோ பலகையை வையுங்கள். அதன் மின்சுற்று வரைபடத்தையும் அச்சிட்டுப் பக்கத்தில் ஒட்டினால், திறந்தது என்பதன் பொருள் கண்ணுக்கே தெரியும். ராஸ்பெரி பை 5ஐ வைப்பதானால் அதற்குரிய 5 வோல்ட் 5 ஆம்பியர் மின்செருகியையே கொண்டுசெல்லுங்கள். 3 ஆம்பியர் கொடுத்தால் யூஎஸ்பி கருவிகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தை அது குறைத்துவிடும், பிறகு வெளி வட்டு ஏன் துண்டிக்கப்படுகிறது என்று கூட்டத்தின் நடுவே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி (டோங்காட், கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்): எங்கள் மண்டபத்தில் மின்சாரம் தாங்குமா? லோட் ஷெட்டிங் மறுபடி வந்தால் என்ன செய்வது?

பதில்: முதலில் கூட்டிப் பார்த்துவிடுவோம். மின்னேற்றத்தில் இருக்கும் மடிக்கணினி ஒன்றுக்கு 65 வாட் என்று வைத்தால் ஐந்துக்கு 325. இரண்டு கூடுதல் திரைகளுக்கு 60, இரண்டு சிறு பலகைகளுக்கு 30, ரவுட்டர் வகையறாவுக்கு 20. மொத்தம் 435 வாட், அதாவது நம் 230 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கும் குறைவு. கணினிகளால் உங்கள் மண்டபத்துக்கு எந்தத் தொல்லையும் வராது.

தொல்லை சமையலறையிலிருந்து வரும். தேநீருக்கு வெந்நீர் போடும் பெரிய மின்பாத்திரம் 2,500 வாட் எடுத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 11 ஆம்பியர். அப்படி இரண்டு பாத்திரங்கள் உங்கள் மேசை இருக்கும் அதே சுற்றில் செருகப்பட்டால் 20 ஆம்பியர் பிரேக்கர் விழுந்துவிடக்கூடும். சமையல் பொறுப்பிலுள்ள அம்மாக்களிடம் முந்தைய நாளே போய், எந்தச் சுவர்ச் செருகிகள் அவர்களுக்கு, எவை நமக்கு என்று பேசி முடித்து, நம்முடையவற்றில் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள்.

பெரிய மூன்று உருண்டை முனைச் செருகிகள், புதிய சிறிய மூன்று முனைச் செருகிகள், மின்னேற்றியோடு வரும் ஐரோப்பிய இரண்டு முனைச் செருகிகள் ஆகிய எல்லாம் நம்மிடம் கலந்து கிடக்கின்றன. ஆகவே நல்ல மல்டிபிளக்குகளை நீங்களே கொண்டுபோங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாக நீட்ட வேண்டாம்.

மின்வெட்டைப் பொறுத்தவரை, 2023இல் பட்ட பாட்டுக்குப் பிறகு ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் பல வீடுகளில் இருக்கிறது. அதை ஒருநாள் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி தாங்கும் மடிக்கணினிகளைத் தேர்ந்தெடுத்தால், விளக்கு அணைந்தாலும் உங்கள் மேசை மட்டும் வெளிச்சத்தோடு இருக்கும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், நூலக ஊழியர்): எங்கள் இடத்தில் இணைய வேகம் குறைவு. இணையம் இல்லாமலேயே நடத்த முடியுமா?

பதில்: முடியும் என்பது மட்டுமில்லை, அப்படித்தான் நடத்த வேண்டும். ஒருமுறை நாங்கள் மண்டபத்தின் வைஃபையை நம்பிப் போயிருந்தோம். அது ஒவ்வொரு கருவியிலும் ஓர் உள்நுழைவுப் பக்கத்தைக் கேட்டு, அரைமணிக்கு ஒருமுறை வெளியே தள்ளியது. அன்று காலை முழுவதும் வந்தவர்களுக்கு எங்கள் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு வெளி இணைப்பே இல்லாத எங்கள் சொந்த ரவுட்டரை வைத்து, ஒரு கணினியில் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையும், கோலிப்ரி கற்றல் தளத்தையும் ஏற்றி, வருபவர்கள் தம் கைபேசியிலிருந்தே அவற்றைத் திறந்து பார்க்கும்படி செய்கிறோம். இணையமே இல்லாத அறையில் தம் கைபேசியில் ஒரு தமிழ்க் கட்டுரை திறப்பதைக் கண்டு ஒருவர் வியப்பது, எந்த விளக்கவுரையையும்விட எங்களுக்கு உதவியிருக்கிறது.

இது நம் நாட்டுக்குப் புதிய எண்ணமும் அன்று. இணையம் மெதுவாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில், ஷட்டில்வொர்த் அறக்கட்டளை ஃபிரீடம் டோஸ்டர் என்ற பெட்டிகளைப் பொது இடங்களில் நிறுவியது. வெறும் குறுவட்டைக் கொண்டுவந்தால், வேண்டிய கட்டற்ற மென்பொருளை அந்தப் பெட்டியே பதிந்து கொடுத்துவிடும். இன்று குறுவட்டின் இடத்தில் யூஎஸ்பி குச்சி வந்திருக்கிறது, அவ்வளவே.

கேள்வி (லெனேசியா, சிறு கடை உரிமையாளர்): அப்படி யூஎஸ்பியில் பதிந்து கொடுப்பது சட்டப்படி சரியா? விலை வாங்கலாமா?

பதில்: சரிதான், விலையும் வாங்கலாம். ஆனால் இங்கேதான் நல்ல மனமுடையவர்களும் தவறிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஜிபிஎல் என்ற பரவலான கட்டற்ற உரிமம் கொண்ட மென்பொருளின் பிரதியை நீங்கள் ஒருவருக்குக் கொடுக்கும் கணத்தில் நீங்களும் ஒரு விநியோகிப்பாளர் ஆகிவிடுகிறீர்கள். இயங்கும் நிரலைக் கொடுப்பவர் அதன் மூலநிரல் (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம்) பெறுபவருக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி மூலநிரலையும் உடன் கொடுக்கலாம், அல்லது கேட்பவர் எவருக்கும் கொடுப்பதாகக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்து வாக்குறுதி தரலாம். மூன்றாண்டு வாக்குறுதி கேட்க எளிதாகத் தோன்றினாலும், ஒருநாள் கூடிக் கலையும் குழு அதைக் காப்பாற்றுவது அரிது.

ஆகவே நான் செய்வது இதுதான்: டெபியன் திட்டம் மூலநிரல் வட்டுப் படிமங்களையும் வெளியிடுகிறது. நான் கொடுக்கும் அதே பதிப்புக்குரியவற்றை ஒரு வெளி வட்டில் ஏற்றி, "மூலநிரல் இங்கே, விரும்புவோர் இப்போதே பிரதி எடுத்துக்கொள்ளலாம்" என்ற அட்டையோடு அதே மேசையில் வைத்துவிடுவேன். அதைக் கேட்பவர் மிகச் சிலர். ஆனால் அந்த வட்டு அங்கே இருப்பதால்தான், "கட்டற்ற" என்ற சொல்லை இலவசம் என்று மட்டும் புரிந்துகொள்பவருக்கு, வேறுபாட்டைக் கையால் தொட்டுக் காட்ட முடிகிறது.

சின்னங்களும் பெயர்களும் வணிகக் குறிச் சட்டத்தின் கீழ் வருபவை. மென்பொருள் உரிமம் அவற்றைத் தானாகத் தருவதில்லை. பனியனில் அச்சிடும் முன் அந்தந்தத் திட்டத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

கேள்வி (மெர்பேங்க், ஓய்வுபெற்ற ஆசிரியர்): தமிழ் எழுத்தை இப்போதுதான் கற்கும் நம் பிள்ளைகளுக்கு எந்த விசைப்பலகையைக் காட்டுவது? அட்டைகளைத் தமிழில் மட்டும் எழுதலாமா?

பதில்: வீட்டில் ஆங்கிலம் பேசி, வார இறுதியில் தமிழ் கற்கும் பிள்ளைக்கு, ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு தமிழ் வரும் முறை ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஆயினும் நான் தமிழ்99ஐயும் பக்கத்தில் வைப்பேன். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்திருப்பதால், 'க' அடித்து 'இ' அடித்தால் 'கி' பிறப்பதைப் பிள்ளை தன் விரலாலேயே உணர்கிறது. நீங்கள் கரும்பலகையில் கற்பிக்கும் உயிர்மெய்ப் பாடமே அது. இரண்டையும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி மூலம் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பெரிய அளவில் அமைத்துவிடுங்கள்.

அட்டைகளைத் தமிழ், ஆங்கிலம், சூலு ஆகிய மூன்றிலும் எழுதுங்கள். 1996ஆம் ஆண்டு அரசமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லியே மதிப்புக்குரிய மொழிகளுள் சேர்த்திருக்கிறது, எனவே தமிழை மேலே எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் மண்டபத்தின் காவலரும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் சூலு பேசுபவர்கள். வெல்கொம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004இல் தொடங்கிய இயங்குதளத்துக்கு உபுண்டு என்று பெயரிட்டது அவர்கள் மொழிக் குடும்பத்தின் சொல்லை எடுத்துத்தான். அதை அட்டையில் எழுதினால் அவர்கள் தம் வீட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் அருகில் வருகிறார்கள்.

கேள்வி (வெருலம், இல்லத்தரசி): எந்த மாதம் நல்லது?

பதில்: மென்பொருள் சுதந்திர நாள் செப்டம்பரின் மூன்றாம் சனிக்கிழமை வருகிறது. அது புரட்டாசி விரதம் தொடங்கும் வேளை என்பதால் சிற்றுண்டி சைவமாக இருக்கட்டும். தைப்பூசக் காவடியை ஒட்டிய வாரங்களில் மண்டபமும் கிடைக்காது, உதவிக்கு ஆளும் கிடைக்கமாட்டார்கள்.

கேள்வி (அதே இல்லத்தரசி): வருபவர்களின் பெயர், தொலைபேசி எண்களை எழுதி வாங்கலாமா?

பதில்: எதற்காக என்று தாளின் தலைப்பிலேயே எழுதி, விரும்புவோரிடம் மட்டும் வாங்குங்கள். 2021 ஜூலை முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரத்துக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். காட்சிக் கணினிகளில் எவரும் தம் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். சேமிப்பு இல்லாத நேரடி யூஎஸ்பியிலிருந்து (கணினியில் நிறுவாமல் குச்சியிலிருந்தே ஓடும் இயங்குதளம்) இயக்கினால், அணைத்தவுடன் எல்லாம் அழிந்துவிடும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், கணினி பழுது பார்ப்பவர்): வருபவர் தம் மடிக்கணினியைக் கொடுத்து "இப்போதே போட்டுத் தாருங்கள்" என்றால் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: அன்றே வேண்டாம். எங்கள் தொடக்க காலத்தில், கூட்டத்தின் பரபரப்பில் ஒரு தன்னார்வலர் வட்டின் தவறான பிரிவைத் தேர்ந்தெடுத்து ஓர் அம்மாவின் குடும்பப் படங்களை அழித்துவிட்டார். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை, அமைதியாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இன்றும் எனக்கு அது மறக்கவில்லை.

அதனால் கண்காட்சியன்று நேரடி யூஎஸ்பியிலிருந்து மட்டும் இயக்கிக் காட்டி, அவர் கணினியில் வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று அவரையே பார்க்கச் சொல்கிறோம். அதற்கு முன்பும், அந்தக் கணினியில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வட்டுப் பூட்டு இருக்கிறதா, இருந்தால் மீட்புத் திறவுகோல் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கணினி தொடங்கும்போது இயங்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அந்தத் திறவுகோலைக் கேட்கக்கூடும். நிறுவுவதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்து, வெளி வட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறோம். அன்று முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்து, அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி, உரியவர் கண்முன்னே நாலைந்து படங்களைத் திறந்து காட்டுகிறோம். அவர் தலையசைத்த பிறகே நிறுவியைத் தொடங்குகிறோம்.