மரம் ஏறப் போகும் மகன்: குடியாத்தம் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தாய்மாமனோடு சேர்ந்து மரம் கழிக்கும், அதாவது மரமேறிக் கிளை வெட்டும் தொழிலுக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். ஊர் என்ன சொல்லும், நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெண் கொடுப்பவர்களுக்காக நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால், உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று மரியாதையைப் பற்றியது, மற்றொன்று உயிரைப் பற்றியது. முதலாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதை விடவே விடாதீர்கள்.

வேலைக்குப் பஞ்சம் வராது. வேலூரை ஒட்டிய காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் சுவரை ஒட்டி ஆசையாக வைத்த வேம்பும் மாவும் இன்று மொட்டை மாடிக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. கோடையில் ஒரு மாலை இடியும் காற்றுமாக மழை கொட்டினால், மறுநாள் காலை எத்தனை தெருக்களில் கிளை விழுந்து கிடக்கிறது என்று பாருங்கள். பெரிய கல்லூரி, மருத்துவமனை வளாகங்களுக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவை. மாந்தோப்புகளுக்குக் காய்ப்பு முடிந்ததும் கவாத்து வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கமும் அணைக்கட்டுப் பக்கமும் தென்னை ஏற ஆள் கிடைக்காமல் தோட்டக்காரர்கள் படும் பாடு உங்களுக்கே தெரியும்.

ஆனால் இந்தத் தொழிலில் பலர் பத்து ஆண்டு உழைத்தும் மேலே வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் மகன் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்தில் "கூலி வேண்டாம், விறகை எடுத்துக்கொள்கிறேன்" என்று பேசிக்கொள்வது வழக்கம். வீட்டுக்காரருக்கும் அது லாபமாகத் தெரிகிறது. அப்படிப் பேசிய அந்த நிமிடமே மரம் கழிப்பவர் விறகு வியாபாரியாகிவிடுகிறார். இரண்டு கிளை எடுத்தால் போதும் என்ற இடத்தில் ஐந்து கிளை விழுகிறது. மெல்லிய கிளையை விட்டுவிட்டு, காசு தேறும் தடித்த கிளையில்தான் கை போகிறது. பாதி மொட்டையான மரம் அடுத்த காற்றில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. வேலைக்கு ஒரு தொகை, விறகுக்குத் தனிக்கணக்கு என்று பிரித்துப் பேசட்டும். விறகு வீட்டுக்காரருடையது; அவருக்கு வேண்டாம் என்றால் எடைபோட்டு, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொள்ளலாம். புளிய மரத்தின் அடித்துண்டு கறிக்கடைக் கட்டைக்குப் போகும், அதற்கு விறகு விலை பேசினால் நஷ்டம். இந்தக் கணக்கு மாமாவுக்குப் பிடிக்காமல் போகலாம். மருமகன்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

கூலி வாங்குகிற வேலை எப்படியிருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் தொடையளவு மாங்கிளை ஒன்று நீண்டிருக்கிறது. அவசரக்காரர் மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டுவார். பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தில் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு கூரை மேல் விழும். தெரிந்தவர் முதலில் கிளையைக் கயிற்றில் கட்டி, கயிற்றை மேலே ஒரு கவட்டில் போட்டு, கீழே ஆளிடம் கொடுப்பார். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டை உரிக்காமல் பிரியும். கயிற்றுக்காரர் மெல்ல இறக்குவார். மிச்சமிருக்கும் குட்டைத் துண்டை மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும். அதிலும் கிளை பிறக்கும் இடத்தில் கழுத்துப்பட்டை போலத் தடித்திருக்கும் பகுதியைத் தொடக் கூடாது. வெட்டுக்காயத்தை மூடும் புதுப்பட்டை அங்கிருந்துதான் வளரும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். மரத்தோடு வழித்து வெட்டி அதன் மேல் தார் பூசினால் அழுகல் நிற்காது என்று காட்டியவரும் அவரே. உயிரியல் படித்த பையனுக்கு இது மாமாவைவிடச் சீக்கிரம் விளங்கும். அவன் படித்தது வீண் போகாது.

இனி உயிர். முதல் ஓராண்டு அவன் மரம் ஏற வேண்டாம், கீழே நின்று கயிறு பிடிக்கட்டும். எந்தக் கிளை எந்தப் பக்கம் சுழலும் என்பதைத் தரையில் நிற்பவனே முழுதாகப் பார்க்கிறான். மெஷின் ரம்பத்தையும் முதலில் தரையில் கிடக்கும் கட்டையில் பழகட்டும். அதன் பிளேடு நுனியின் மேல்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். மரத்தின் மேல் ஒற்றைக் கையில் அதைப் பிடித்து அறுப்பவரைத் திறமைசாலி என்று நினைக்கிறார்கள், எனக்கு அவரோடு என் பிள்ளையை அனுப்ப மனம் வராது. ஹெல்மெட், கண்ணாடி, இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பெல்ட், இவை இல்லாமல் ஏறக் கூடாது. மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி, அதற்கான லைன் கிளியர் வாங்காமல் அரிவாளைக்கூட எடுக்கக் கூடாது. பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். அடிமரத்தில் கட்டைக்காளான் முளைத்திருந்தால் உள்ளே வேர் அழுகியிருக்கும். அந்த மரத்தில் ஏறவே வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் ஏமாறக் கூடாது. சாலையோர மரம், புறம்போக்கு மரம் எதையும் தெருக்காரர்கள் சொன்னார்கள் என்று வெட்ட முடியாது. அரசு நிலத்து மரங்களுக்கு அனுமதி தர மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. சந்தனம் சொந்தப் பட்டாவில் நின்றாலும் வனத்துறை அனுமதியில்லாமல் தொடக் கூடாது. ஜவ்வாது மலையடிவாரத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பணத்துக்கு வருகிறேன். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மரம் ஏறுபவனுக்கு அது போதாது, தனி விபத்துப் பாலிசியும் எடுங்கள். ஆள் வைத்து வேலை வாங்கத் தொடங்கியதும் அவர்களுக்கான இழப்பீட்டுப் பாலிசி கட்டாயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவுக் கடன் 50,000 ரூபாய் வரை. முதல் மெஷினும் கயிறும் பெல்ட்டும் அதில் அடங்கும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பற்றிக் கவலையில்லை. கல்லூரி போன்ற நிறுவனங்கள் பில் தொகையில் ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக்கொள்ளும். கணக்குத் தாக்கல் செய்தால் வரி வரம்புக்குள் இருப்பவருக்கு அது திரும்பக் கிடைக்கும், பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

படிப்பை முழுதும் விட வேண்டுமா என்றால், வேண்டாம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்கு ஆண்டு வனவியல் பட்டம் இருக்கிறது. கட் ஆஃப் வந்தால் அதை விடக் கூடாது என்பதே என் எண்ணம். வராவிட்டால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் என்ன பயிற்சி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரம் ஏறும் பயிற்சி ஆறு நாள்தான், எந்திரத்தால் ஏறப் பழக்குவார்கள். உங்கள் கொழுந்தனார் சொல்லும் வெளிநாட்டு வேலையும் கனவல்ல. ஆனால் அதற்கு உதவும் சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு எழுதவே, பட்டமில்லாதவருக்கு மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். எனவே முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, மரம், செய்த வேலை, வாங்கிய தொகை, வீட்டுக்காரர் கையெழுத்து எல்லாம் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கடன் கேட்கப் போகும்போது வங்கி மேலாளரும் அதைத்தான் கேட்பார்.