கல்யாண ஆல்பம் எல்லாம் பூட்டிக்கொண்டது, பணம் கட்டலாமா?

கேள்வி: சிறிய போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். இணையத்தில் கிடைத்த கிராக் (காசு கட்டாமல் ஓடவைக்கும் திருட்டு வழி) மூலம் ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டேன். மறுநாள் எந்தப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து. 'ரீட்மீ' என்ற குறிப்பில் 980 டாலர் கேட்கிறார்கள், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. பேக்கப் வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் போய்விட்டது. என்ன செய்வது?

பதில்: பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவு' எனப்படும் ரான்சம்வேருக்கு, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலுக்கு, அப்படியே பொருந்துகின்றன. கிராக், கீஜென் (போலி லைசென்ஸ் எண் உருவாக்கும் நிரல்) வழியாகத்தான் இது அதிகம் பரவியது.

நெட் இணைப்பைத் துண்டியுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் செய்ய வேண்டாம். கேமராவின் மெமரி கார்டுகளை உடனே எடுத்துத் தனியே வையுங்கள், அவற்றில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்த படங்கள், மேலே வேறு எதுவும் பதியாதவரை, கார்டிலேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வேறொரு கம்ப்யூட்டரில் வைத்து மீட்டுப் பாருங்கள். உங்களுக்கு இருப்பதில் நல்ல வழி இதுதான்.

அப்புறம் அந்தக் குறிப்பின் அடியில் உள்ள பெர்சனல் ஐடியைப் பாருங்கள். அது 't1' என்று, அதாவது ஆங்கில 'டி' எழுத்தும் ஒன்றும் சேர்ந்து முடிந்தால் ஆஃப்லைன் சாவியால், அதாவது பலருக்கும் பொதுவாக அந்த நிரலுக்குள்ளேயே இருக்கும் சாவியால், பூட்டப்பட்டிருக்கிறது. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட இலவசக் கருவியால் அப்படிப்பட்ட ஃபைல்களில் சிலவற்றைத் திறக்க முடியும். திறக்காவிட்டாலும் பூட்டிய ஃபைல்களை ஒரு டிஸ்க்கில் பத்திரமாக வையுங்கள், பின்னால் சாவி கிடைக்கலாம்.

இந்த ரான்சம்வேரோடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் பல சமயம் சேர்ந்தே வரும். எனவே மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து இன்றே மாற்றுங்கள். 1930 எண்ணில் சைபர் கிரைம் புகாரும் கொடுங்கள். இதெல்லாம் முடிந்தபின் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

பேக்கப் டிஸ்க் ஏன் போனது? எந்நேரமும் யுஎஸ்பியில் செருகியே இருந்திருக்கும். கம்ப்யூட்டருக்குத் தெரியும் டிரைவ் எதுவானாலும் ரான்சம்வேருக்கும் தெரியும். வீட்டு பீரோ சாவியை பீரோவிலேயே தொங்கவிட்ட மாதிரிதான். எத்தனை ஸ்டூடியோக்களில் இதையே பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. ஒரு குடும்பத்தின் கல்யாண நாளைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? இனி இரண்டு டிஸ்க் வாங்குங்கள். காப்பி எடுத்ததும் கழற்றிவிடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸே உங்கள் வேலைக்குப் போதும். ஆனால் கிராக் போடும்போது "ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று சொல்வார்கள், நீங்களும் செய்திருப்பீர்கள். கதவு திறந்தது அங்கேதான். டிஃபெண்டருக்குள் 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக அது ஆஃப் ஆகத்தான் இருக்கும். அதை ஆன் செய்து, படங்கள் உள்ள ஃபோல்டரைச் சேருங்கள். முதல் சில நாள் உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேரையே சேவ் செய்ய விடாமல் தடுக்கும். அப்போது எரிச்சலில் ஆஃப் செய்துவிடாமல், அந்த சாஃப்ட்வேரை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் சரியாகிவிடும்.