பத்தாவது முடித்த என் தங்கைக்கு ராணுவ நர்ஸ் ஆக ஆசை. மன்னார்குடி பக்கம் கிராமம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், நீட் மதிப்பெண்ணோடு ராணுவ நர்சிங் கல்லூரியில் நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங் சேர்வதுதான் வழி. அதனால் பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்கிறாள் என்பதிலிருந்தே ஆரம்பியுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் வேண்டும். சில பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் இருக்கும். "நர்ஸுக்குத்தானே, அதையே போடுங்க" என்பார்கள். கேட்காதீர்கள், அது இதற்கு உதவாது. பன்னிரண்டாம் வகுப்பை முதல் முறையிலேயே, 50 சதவீதத்துக்குக் குறையாமல் முடிக்க வேண்டும்.

என் அக்கா மகள் இப்போது பெங்களூரில், விமானப்படை மருத்துவமனையின் நர்சிங் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு வருஷம் இழந்துதான் அங்கே போனாள். 2022-இலிருந்துதான் இந்தச் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நீட் எழுதினால் போதும், கூப்பிடுவார்கள் என்று நம்பினோம். நீட் முடிவு வந்த நேரம் குறுவை அறுப்பு. அத்தானும் அக்காவும் வயலில் கிடந்தார்கள். எல்லாம் ஓய்ந்து விசாரித்தால், ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டுமாம், தேதி தாண்டிவிட்டது. அன்று அவள் அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீட் முடிவு வந்ததும் அந்தத் தளத்தை நீங்கள் தினமும் பாருங்கள்.

விண்ணப்பித்தவர்களில் நீட் மதிப்பெண்ணை வைத்து ஒரு பட்டியல் போடுவார்கள். அதில் பெயர் வந்தால் கணினித் தேர்வு, உளவியல் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. எங்கள் பிள்ளைக்குப் பயமெல்லாம் ஆங்கிலத்தில்தான், தமிழ் மீடியம். தினமும் சாயங்காலம் ஆங்கிலப் பேப்பரை என்னிடம் சத்தமாக வாசித்து, வாசித்ததை அவள் வார்த்தையில் சொல்லுவாள். ஆறு மாதத்தில் கூச்சம் போனது. உங்கள் தங்கைக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, இன்றைக்கே தொடங்கலாம்.

புனே, மும்பை, டெல்லி, லக்னோ, கொல்கத்தா, பெங்களூரு என்று ஆறு கல்லூரிகள், மொத்தம் 220 இடங்கள். பெரும்பாலும் திருமணமாகாத பெண்களுக்குத்தான் இடம். நான்கு வருஷம் தங்குமிடம், சாப்பாடு இலவசம், மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. குத்தகை நிலத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! முடித்ததும் லெப்டினென்ட் என்ற அதிகாரி பதவி. ஆனால் சேரும்போதே பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும், பாதியில் விலகினால் பணம் கட்ட வேண்டிவரும். பெற்றோர் அதை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

இந்த வழியில் கிடைக்காவிட்டால், வெளியே பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, ராணுவ நர்சிங்கில் சில வருஷங்களுக்கு மட்டுமான குறுகிய காலப் பணிக்குத் தேர்வு அறிவிக்கும்போது எழுதலாம். அதற்கு 35 வயது வரை இடமுண்டு.