பெயின்ட்பால் மார்க்கரில் காற்றுக்கசிவு: கேள்வி பதில்

பெயின்ட் பந்துகளைக் காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கியான மார்க்கரைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "காற்று கசிகிறது, எந்த ஓ-ரிங்கை மாற்றுவது?" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. கசிவு எந்த இடத்தில், எந்த நிலையில் தொடங்குகிறது என்பது தெரியாமல் காற்றை அடைத்துவைக்கும் வளையங்களான ஓ-ரிங்குகள் எல்லாவற்றையும் மாற்றுபவர், பழைய கசிவோடு புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே இடத்தையும் நிலையையும் தெளிவாக எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன். எந்தச் சோதனைக்கும் முன் பந்துகளை அகற்றி, பேரலுக்கு உறை போட்டு, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே எஞ்சிய காற்றையும் சுட்டு வெளியேற்றிவிடுங்கள்.

கேள்வி: சிலிண்டரைத் திருகி முடித்த பிறகும் இணைப்பில் சீறல் நிற்பதில்லை. புதிய ஓ-ரிங் போட்டும் இரண்டே வாரத்தில் மீண்டும் அதே கதை. ஏன் ஐயா?

பதில்: சிலிண்டரின் முகப்பில் இருப்பது 015 அளவு ஓ-ரிங். சாதாரணக் கறுப்பு ரப்பர் வளையம் பெரும்பாலும் (ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில்) 70 கடினத்தன்மை கொண்டது. சுமார் 800 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் தாங்கும் இந்த இடத்துக்கு 90 கடினத்தன்மை கொண்ட பாலியூரிதேன் வளையமே ஏற்றது. கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்துபவராக இருந்தால் வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். அந்த வாயு சாதாரண ரப்பருக்குள் ஊறி, அழுத்தம் சட்டென்று இறங்கும்போது அதை உப்பச் செய்து பிளந்துவிடுகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு வளையம் போகிறதென்றால் எனக்குச் சந்தேகம் வளையத்தின் மேல் அல்ல, கழற்றும் முறையின் மேல்தான். மார்க்கருக்குள் அழுத்தம் இருக்கும்போதே சிலிண்டரைத் திருகிக் கழற்றினால், வெளியேறும் காற்று வளையத்தைப் பள்ளத்திலிருந்து பிதுக்கி அறுத்துவிடும். சிறிது திருகி, சிலிண்டரின் முள் வால்வு மூடியதும் நிறுத்தி, காற்று தீரும்வரை சுட்டுவிட்டு, பிறகு முழுவதும் கழற்றுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய மெக்கானிக்கல் மார்க்கர், புளோபேக் வகை (சுடும் காற்றின் ஒரு பகுதியே அடுத்த சுடுதலுக்கு அதைத் தயாராக்கும்). சிலிண்டரைப் பொருத்தியவுடன் பேரல் வழியாகக் காற்று கொட்டுகிறது.

பதில்: பொருத்துவதற்கு முன் போல்ட்டை, அதாவது பந்தைப் பேரலுக்குள் தள்ளும் தண்டை, பின்னுக்கு இழுத்து காக் செய்தீர்களா (சுடத் தயார்நிலையில் பூட்டினீர்களா)? இழுக்காவிட்டால், வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியல் வால்வின் தண்டின் மேல் சாய்ந்து அதைத் திறந்தே வைத்திருக்கும். காற்று பேரல் வழியாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. பழுதுபார்க்கச் சொல்லி என்னிடம் வந்த பல மார்க்கர்களுக்கு இதைத் தவிர வேறு குறை இருந்ததில்லை.

காக் செய்த பிறகும் கசிந்தால், வால்வின் உள்ளே அதை மூடும் அடைப்பான கப் சீலைப் பார்க்க வேண்டும். அதன் முகத்தில் ஒரு மணல் துகள் பதிந்திருந்தாலே போதும், கசிவு நிற்காது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளையமாகத் தெரியும் அச்சு எங்காவது அறுந்திருந்தால் சீலை மாற்றிவிடுங்கள். புதிய சீல் உட்கார்ந்து பழகுவதற்குச் சில டஜன் முறை சுட வேண்டியிருக்கும். அதற்குள் வரும் இலேசான கசிவைக் கண்டு மறுபடி பிரிக்க வேண்டாம். சிலிண்டர் காலியாகும் நேரத்தில் மட்டும் கசிகிறதென்றால் அது பழுதே அல்ல. சீலை அழுத்தி மூடிவைப்பதில் காற்றின் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு.

கேள்வி: எலக்ட்ரானிக் ஸ்பூல் வகை (தனிச் சுத்தியல் இல்லாமல் போல்ட்டே வால்வாகவும் வேலைசெய்யும்) மார்க்கர். போல்ட்டின் ஓ-ரிங்குகள் அனைத்தையும் மாற்றி, புதிதாக கிரீஸும் போட்டேன். ஆனாலும் காற்றேற்றிச் சில நொடிகள் கழித்துப் பேரலில் மெல்லக் கசியத் தொடங்குகிறது.

பதில்: "சில நொடிகள் கழித்து" என்று எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. போல்ட்டின் வளையம் அறுந்திருந்தால் காற்றேறிய கணமே சீறும். தாமதித்துத் தொடங்கும் கசிவு, அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போய் ஓர் எல்லையைத் தாண்டுவதைக் காட்டுகிறது. அதாவது பழுது, காற்றழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டரில் இருக்கிறது. சத்தம் மட்டும் பேரலில் கேட்கிறது. ரெகுலேட்டருக்குள் பிஸ்டன் வந்து மூடும் இருக்கை தேய்ந்தோ அழுக்கேறியோ இருந்தால், குறித்த அளவில் அது முழுமையாக மூடாமல் காற்றை ஊறவிட்டுக்கொண்டே இருக்கும். அழுத்தமானி பொருத்தியிருந்தால் முள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இல்லையென்றால் வேகமானியில் சுட்டுப் பாருங்கள்: ஒரு நிமிட ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் பந்து, அடுத்து வருபவற்றைவிடத் தெளிவாக வேகமாகப் போனால் ரெகுலேட்டரைப் பிரிப்பதில் தயக்கம் வேண்டாம். இதைக் கசிவுக்காக மட்டும் சொல்லவில்லை. நொடிக்கு 280 அடி என்று அமைத்துவைத்த மார்க்கரின் முதல் பந்து, வழக்கமான 300 அடி வேக எல்லையைத் தாண்டினால், அது எதிரில் நிற்பவரின் உடம்பில்தான் தெரியும்.

ரெகுலேட்டரின் பக்கத்திலுள்ள சிறு துளை வழியாகக் கசிந்தால் மட்டும் கணக்கு வேறு. அது பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங்.

கேள்வி: கைப்பிடிக்குள் சீறல் கேட்கிறது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாமா?

பதில்: எலக்ட்ரானிக் மார்க்கரில் வேண்டாம். மின்சுற்றுப் பலகையும், காற்றைத் திறந்து மூடும் மின்வால்வான சாலினாய்டும் அங்கேதான் இருக்கின்றன. பக்கத் தகடுகளைக் கழற்றி, ஈர விரலை அருகில் கொண்டுபோனாலே இடம் தெரிந்துவிடும். சாலினாய்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் (தட்டையான அடைப்பு), சிறு குழாயின் முனை ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். குழாய் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் கூரிய கத்தியால் நேராக வெட்டிச் செருகுங்கள்.

கேள்வி: தையல் இயந்திர எண்ணெய் போடலாமா?

பதில்: கூடாது. பெட்ரோலிய எண்ணெய்கள் சில வகை ஓ-ரிங்குகளை உப்பவைத்துக் கெடுக்கும். உங்கள் மார்க்கரைச் செய்தவர்கள் சொல்லும் எண்ணெயோ கிரீஸோ மட்டும் போதும். உயரழுத்தக் காற்றுச் சிலிண்டரை நிரப்பும் முனையில் எந்த எண்ணெயும் படவே கூடாது. அங்கே அது தீப்பற்றி வெடிக்கக்கூடும்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு புட்டியின் கழுத்திலிருந்தே கசிகிறது. வால்வைக் கழற்றி டெஃப்லான் நாடா சுற்றலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். அந்த வாயுவின் அழுத்தம் 21 டிகிரி செல்சியஸில் சுமார் 850 பிஎஸ்ஐ. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே இராது, அளவுக்கு மீறி நிரப்பிய புட்டியில் அழுத்தம் வேகமாக எகிறும். வால்வின் பக்கத்துத் துளையிலிருந்து பெரும் சத்தத்துடன் முழுவதும் வெளியேறினால், அழுத்தம் மீறினால் உடையும் பாதுகாப்புத் தகடு தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். கழுத்து மரையிலிருந்து கசிந்தால் வால்வே தளர்ந்திருக்கக்கூடும். மார்க்கரிலிருந்து கழற்றும்போது புட்டி மட்டும் சுழன்று வால்வு அங்கேயே தங்கிவிட்டால், புட்டி ஏவுகணைபோல் பறக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. புட்டிக்கும் வால்வுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். கோடு பிரிந்து தெரிந்தால் மேற்கொண்டு திருகாமல், பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிலிண்டர் இணைப்பிலுள்ள ஆன்-ஆஃப் குமிழை மூடும்போது ஒரு சீறல் வருகிறதே?

பதில்: ஒரே மூச்சில் முடிந்துவிட்டால் அது கசிவல்ல. உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள்.