‘மிரட்டு’, ‘பயமுறுத்து’, ‘அச்சுறுத்து’: எந்த இடத்தில் எந்தச் சொல்?

மூன்றுக்கும் பொருள் ஒன்றுதானே, மாற்றிப் போட்டால் ஏன் இடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வேரைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

வெடிச் சத்தம் கேட்ட மாடு காதை விடைத்து, விழியை உருட்டி, கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்குகிறதே, அதுதான் மிரள்வது. அப்படி மிரள வைப்பது மிரட்டுவது. உருள்–உருட்டு, சுருள்–சுருட்டு, திரள்–திரட்டு எல்லாம் இதே வார்ப்பு. வெருள்–வெருட்டும் அப்படித்தான், ‘வெருட்டாதே’ என்பது ஈழத்தில் இன்றும் அன்றாடப் பேச்சு. பறவை விரட்ட வயலில் நிறுத்தும் பொம்மைக்கு வெருளி என்று பெயர் வந்ததும் அதனால்தான். அழகான சொல், கைவிடக் கூடாது.

இன்றைய வழக்கில் மிரட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அவனுக்கு ஒரு நோக்கம் வேண்டும். ‘பணம் தராவிட்டால் கடையைக் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டினான்.’ கேட்டவர் பயந்தாக வேண்டும் என்பதில்லை. ‘அவன் மிரட்டினான், அவள் அசரவில்லை’ என்பது நல்ல தமிழ். ‘பயமுறுத்தினான், அவள் பயப்படவில்லை’ என்று எழுதிப் பாருங்கள், தடுக்கும். பயம் உறச் செய்வதுதான் பயமுறுத்துவது. விளைவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே ‘பயமுறுத்தப் பார்த்தான்’ என்பதே பொருந்தும். நோக்கம் தேவைப்படாததால் இடியும் கெட்ட கனவும்கூடப் பயமுறுத்தும்.

அச்சுறுத்து என்பது ஏட்டு நடை. தலைக்கு மேல் தொங்கும் ஆபத்துக்கு ஏற்றது: ‘உயிருக்கு அச்சுறுத்தல்’, ‘கரையோர ஊர்களை அச்சுறுத்தும் கடலரிப்பு’. சாப்பிடாத குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டிய தாயை ‘அச்சுறுத்தினாள்’ என்று எழுதினால் செய்தி அறிக்கை வாடை அடிக்கும். தமிழ்நாட்டுச் செய்தியில் ‘கொலை மிரட்டல்’ என்பதை இலங்கை நாளிதழ்களில் ‘கொலை அச்சுறுத்தல்’ என்றும் காணலாம். அது வட்டார வழக்கு, பிழையில்லை.

காவல் நிலையத்தில் புகார் எழுதுவோர் ‘பயமுறுத்தினார்’ என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. இந்தியாவின் இன்றைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு, என்ன தீங்கு செய்வதாகச் சொல்லி, எந்த நோக்கத்தில் மிரட்டினார் என்று பார்க்கிறது. அதனால் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, ‘என்று மிரட்டினார்’ என முடியுங்கள்.

‘பந்துவீச்சில் மிரட்டினார்’ என்பது பாராட்டு. அங்கே ‘யாரை’ என்ற கேள்வியே எழாது.

எழுத்துப் பிழை ‘உறுத்து’ என்பதில்தான் அதிகம். ‘அச்சுருத்தல்’, ‘பயமுருத்தல்’ இரண்டும் தவறு, வல்லின ‘று’ வர வேண்டும். ‘மிரட்டு’ என்பதில் இடையின ‘ர’.